வளைகுடாக் கரையில் ஒயின் திராட்சை

ஐரோப்பிய ஒயின் திராட்சையான வைட்டிஸ் வினிஃபெரா, குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியும் காணும் மத்தியதரைக் கடலோரத்துக்குப் பழகிய கொடி. மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய டெக்சாஸ், லூசியானா, ஃபுளோரிடா பகுதிகளில் பருவம் தலைகீழ். காய் திரண்டு பழுக்கும் மாதங்களில்தான் மழையும் புழுக்கமும் உச்சத்தில் இருக்கும். இரவிலும் வெக்கை தணியாது. குளிர்காலம் பேருக்குத்தான்.

அமெரிக்கக் கிழக்குக் கரையின் ஈரக் கோடை இந்தக் கொடிக்கு ஒத்துவராது என்பது புரியவே குடியேறிகளுக்குப் பல தலைமுறை பிடித்தது. வர்ஜீனியாவின் சட்டமன்றம் 1619இல், குடும்பத் தலைவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் பத்துத் திராட்சைக் கொடி நட்டுப் பேண வேண்டும் என்று சட்டமே போட்டது. கொடிகள் சட்டத்தை மதிக்கவில்லை. தளிர்த்த சில ஆண்டுகளில் பட்டுப்போயின. தாமஸ் ஜெஃபர்சன் மான்டிசெல்லோவில் ஐரோப்பியக் கொடிகளை மீண்டும் மீண்டும் நட்டார். அந்தத் தோட்டத்துப் பழத்தில் அவர் ஒயின் வடித்ததற்குச் சான்று இல்லை.

கருப்பழுகல், அடிச்சாம்பல், வேரை உறிஞ்சும் ஃபிலாக்சரா பூச்சி என்று எதிரிகள் பல. தெற்கே போகப்போக எல்லாவற்றையும் முந்துவது பியர்ஸ் நோய். 1880களில் கலிபோர்னியாவின் அனாஹைம் வட்டாரத் தோட்டங்களை அழித்த நோயை ஆராய்ந்த நியூட்டன் பியர்ஸின் பெயரே அதற்கு நிலைத்தது. நெடுங்காலம் வைரஸ் என்று நம்பப்பட்ட நோய்க்கிருமி ஒரு பாக்டீரியா என்பது 1970களில்தான் தெளிவானது. ஸைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பெயர் 1987இல் வந்தது.

வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறும் சைலக் குழாய்களில் மட்டுமே இந்தக் கிருமி வாழும். குழாய் அடைபட, மண்ணில் ஈரம் இருந்தும் கொடி தாகத்தில் சாகும். முதலில் இலையின் விளிம்பு கருகி, கருகல் உள்நோக்கி நகரும். பிறகு இலைப்பரப்பு மட்டும் உதிர்ந்து, காம்பு தீக்குச்சி மாதிரி தண்டிலேயே நிற்கும். முற்றிப் பழுப்பேறிய தண்டின் நடுவே அங்கங்கே பச்சைத் திட்டு தெரியும். குலை கொடியிலேயே சுருங்கிக் காயும். ஒன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் கதை முடிந்துவிடும். நோயைக் கொடிக்குக் கொடி கடத்துவது தத்துப்பூச்சிகள். அவற்றில் பேர்போனது, அரை அங்குல நீளமுள்ள கண்ணாடிச் சிறகுத் தத்துப்பூச்சி. தென்கிழக்கு அமெரிக்காதான் அதன் தாயகம். கடுங்குளிர் விழும் ஊர்களில் கிருமி பல நேரம் கொடிக்குள்ளேயே மடிந்துபோகும். வளைகுடாக் கரைக்கு அந்தக் காவல் இல்லை.

இதையெல்லாம் தாங்கி அங்கே காடாய்ப் படர்ந்திருப்பது மஸ்கடைன். தடித்த தோல், தனித்தனியே பழுத்து உதிரும் பெரிய பழம். மற்ற திராட்சைகளுக்கு 38 குரோமோசோம் என்றால் இதற்கு 40. அதனால் வினிஃபெராவோடு எளிதில் இனக்கலப்பு ஆகாது. பழத்தில் சர்க்கரை போதாது என்பதால், ஒயின் வடிப்பவர்கள் கூடச் சேர்ப்பார்கள். பால் காரெட் இந்த இனத்தின் ஸ்கப்பர்னாங் பழத்தை நம்பித் தொடங்கிய ‘வர்ஜீனியா டேர்’, மதுவிலக்குக்கு முன் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஒயின்களில் ஒன்று. ஆனாலும் மஸ்கடைனின் தூக்கலான வாசம் ஐரோப்பிய ஒயின் பழகிய நாக்குக்கு இன்றும் பிடிபடவில்லை.

வினிஃபெராவுக்கும் அமெரிக்கக் காட்டுக்கொடிகளுக்கும் நடுவழியாக வந்தவை கலப்பினங்கள். டெக்சாஸின் டெல் ரியோவில் இத்தாலியக் குடியேறி ஃபிராங்க் குவாலியா 1883இல் தொடங்கிய வால் வெர்டே ஒயின் ஆலையின் அடையாளமே ‘லெனுவார்’ என்ற கறுப்பு ரகம்தான். ஜாக்கே என்றும் அழைக்கப்படும் இதை, 1930களில் ஃபிரான்ஸ் வேறு ஐந்து கலப்பினங்களோடு தடைசெய்தது. அந்தப் பட்டியலில் இருந்த இசபெல்லாதான் நம் சந்தைகளில் பெங்களூர் ப்ளூவாக விற்கிறது!

வெள்ளை ஒயினுக்குக் கரையோரம் இன்று பெரிதும் நம்புவது ‘பிளாங்க் டு புவா’. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் லீஸ்பர்க் ஆய்வு நிலையத்தில் ஜான் மார்டென்சன் உருவாக்கி, 1987இல் வெளியிடப்பட்ட ரகம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டல்லஹாசியில் ஒயின் வடித்த எமில் டுபுவாவின் பெயரைத் தாங்கியது. பியர்ஸ் நோயைத் தாங்கும். மஸ்கட் வாசம் உண்டு. பலவீனம் ஆந்த்ராக்னோஸ்: இளந்தண்டிலும் காயிலும் குழிப்புண் விழும். ஆகவே மொட்டு விரிந்ததுமே மருந்தடிப்பு தொடங்கிவிடும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த தெளிப்பு மருந்தான போர்டோ கலவை, அமெரிக்காவிலிருந்து ஃபிரான்ஸுக்குத் தொற்றிய அடிச்சாம்பலுக்குப் பதிலடியாகவே 1880களில் பிறந்தது என்பது வேடிக்கையான திருப்பம். மருந்தைவிட மலிவான வேலை கவாத்தும் இலை கிள்ளலும்தான். குலையைச் சுற்றி இலையைக் குறைத்துக் காற்றோட்டம் விட்டால், பனியும் மழையும் சீக்கிரம் உலரும்.

அறுவடைத் தேதியில் தனிச் சிக்கல் இருக்கிறது. வெக்கை இரவுகளில் பழம் தன் மாலிக் அமிலத்தைச் சுவாசத்தில் எரித்துவிடுவதால், சர்க்கரை ஏறும்போதே புளிப்பு மளமளவென்று இறங்கும். புளிப்பில்லாத ஒயின் சப்பென்று இருக்கும், சீக்கிரம் கெடும். இன்னும் ஒரு வாரம் விட்டால் இனிப்பு கூடும் என்று காத்திருப்பவரைக் கரையோர மழை ஏமாற்றும், குலை அழுகிவிடும். எனவே கரையோரத்தில் பிளாங்க் டு புவா பெரும்பாலும் ஜூலையிலேயே அறுவடையாகிறது. வெயிலை வரமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. கால்வெஸ்டன் அருகே சான்டா ஃபேயில் உள்ள ஹாக் ஒயின் ஆலை, இதே பழத்திலும் ஜாக்கேயிலும், ஒயினைச் சூடேற்றிப் பக்குவப்படுத்தும் மடெய்ரா பாணியைக் கையாள்கிறது.

கபர்னே, மெர்லோ போன்ற ஐரோப்பியச் சுவையையே விரும்புவோருக்கு வழி கலிபோர்னியாவிலிருந்து வந்தது. கண்ணாடிச் சிறகுத் தத்துப்பூச்சி அங்கே குடியேறி, 1990களின் இறுதியில் டெமெகுலா தோட்டங்களைச் சூறையாடிய பின் ஆராய்ச்சி முடுக்கம் பெற்றது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ வாக்கர், மெக்சிகோவின் மான்டெரே பகுதியில் சேகரிக்கப்பட்ட காட்டுக்கொடியிலிருந்து நோயெதிர்ப்புத் தன்மையை வினிஃபெராவுக்குள் கொண்டுவந்தார். தலைமுறைதோறும் மீண்டும் வினிஃபெராவோடே கலந்ததில், 2019இல் வெளியான ஐந்து ரகங்களும் 94 முதல் 97 விழுக்காடு வினிஃபெரா. அவற்றில் காமினாரே நுவார், எரான்டே நுவார் உட்பட மூன்று சிவப்பு, இரண்டு வெள்ளை. தாங்கும் திறன் பியர்ஸ் நோய்க்கு மட்டும்தான். சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பலுக்கும் மற்ற ஐரோப்பியக் கொடிகளைப் போல இவற்றுக்கும் தெளிப்பான் ஓடியாக வேண்டும்.