பெர்லின் தெருவிளக்கில் மணவாளக்குறிச்சி மணல்

பழைய வாயுவிளக்கை வீட்டில் மாட்ட வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன் தொப்பியைத்தான். எனாமல் பூசிய அகன்ற தொப்பி, அதன்கீழ் அடி குறுகி மேலே விரிந்த கனத்த கண்ணாடி. இரண்டும் அழகு என்பதில் சந்தேகம் இல்லை. உள்ளே தலைகீழாகத் தொங்கும் எரிமுனைகளைக் கண்டதும், "இதைக் கழற்றிப் போட்டுவிடலாம் அல்லவா?" என்கிறார்கள். நடுவில் ஒரு பெரிய பல்பு போட்டால் போதும் என்பது அவர்கள் கணக்கு. நான் ஒத்துக்கொள்வதில்லை. பெர்லினில் பகலெல்லாம் எனக்கு எலெக்ட்ரீஷியன் வேலை. மாலையிலும் விடுமுறையிலும் இந்த விளக்குகளைச் செப்பனிட்டு வீட்டு மின்சாரத்துக்கு மாற்றிக் கொடுக்கிறேன். எரிமுனையை எறியச் சொல்கிறவருக்கு விளக்கைக் கொடுப்பதில்லை. இந்த விளக்கின் வரலாற்றில் பெரும்பங்கு அந்த எரிமுனைக்குக் கீழேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் என் ஊருக்கும் பங்கு உண்டு. நான் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக்காரன்.

பெர்லினுக்கு வாயுவிளக்கைக் கொண்டுவந்தது ஓர் ஆங்கிலேயக் கம்பெனி. 1826இல் உன்டர் டென் லிண்டன் என்ற பெரிய சாலையில் முதல் விளக்குகள் எரிந்தன. நிலக்கரியை மூடிய கலத்தில் வறுத்து வாயுவைப் பிரித்து, குழாய் வழியே தெருவுக்கு அனுப்பினார்கள். அந்தக் கம்பெனியின் ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் நகராட்சியே சொந்தமாக வாயு ஆலை கட்டி, 1847 முதல் தன் விளக்குகளை எரிக்கத் தொடங்கியது. அந்தக் காலத்து விளக்கில் எரிமுனையைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. வாயு திறந்த சுடராக எரியும். சுடருக்குள் இருக்கும் கரித்துகள் சூடேறி மஞ்சளாக ஒளிரும். வெளிச்சம் மங்கல், புகை அதிகம். 1882இல் லைப்சிகர் தெருவிலும் போட்ஸ்டாம் சதுக்கத்திலும் மின்சார வில்விளக்குகள் வந்தபோது, வாயுவின் காலம் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. காரணம் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். ஹைடெல்பெர்கில் பேராசிரியர் பன்சனிடம் படித்தவர். பன்சன் அடுப்பின் சுடர் நல்ல சூடு, ஆனால் வெளிச்சமே இராது, நீலமாக எரியும். அந்தச் சுடரில் அரிய மண் தனிமங்களின் உப்புகளைக் காட்டிக் காட்டி ஆராய்ந்தவருக்கு, சில ஆக்சைடுகள் சூட்டில் பளீரென ஒளிர்வது தெரிந்திருந்தது. சுடர் வெளிச்சம் தர வேண்டாம், சூடு மட்டும் தரட்டும். ஒளிரும் வேலையை வேறொரு பொருள் பார்க்கட்டும். இதுதான் அவர் கண்ட வழி. பருத்தி நூலில் பின்னிய சிறு உறையை உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்திக் கொளுத்தினால், நூல் எரிந்து போகும். நூலின் வடிவத்திலேயே ஆக்சைடுச் சாம்பல் நிற்கும். அதுதான் மேண்டில். 1885இல் வாங்கிய முதல் காப்புரிமைப்படி செய்த மேண்டில் பச்சை பாரித்த ஒளி தந்தது, சீக்கிரம் உதிர்ந்தது. விடாமல் உழைத்து 1891இல் சரியான கலவையைப் பிடித்தார்: தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. அந்த ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் ஒளி குன்றிவிடும். அடுத்த ஆண்டே பெர்லினில் அவர் மேண்டிலைச் செய்யும் கம்பெனி எழுந்தது. வாயுவிளக்குக்கு மறுபிறவி கிடைத்தது.

மேண்டில் எவ்வளவு மென்மையானது என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி கடையில் செந்தில் கை பட்டு உதிர்ந்ததும் அதே சாம்பல் உறைதான். திருவிழாவிலும் கூத்து மேடையிலும் கல்யாண ஊர்வலத்திலும் நாம் பார்த்த பெட்ரோமாக்ஸ், பெர்லினின் ட்ரெப்டோ பகுதியில் இருந்த ஏரிக் & கிரெட்ஸ் ஆலையில் பிறந்தது. தெருவில் குழாய் வாயுவில் எரிந்த மேண்டிலை, குழாயே இல்லாத ஊர்களுக்கு மண்ணெண்ணெயில் எரியவைத்தார் மாக்ஸ் கிரெட்ஸ்.

அந்த மேண்டிலைக் காற்றிலிருந்து காக்கக் கண்ணாடி வேண்டும். சாதாரணக் கண்ணாடி இந்தச் சூட்டுக்குத் தாங்காது. சூடான கண்ணாடியில் ஒரு மழைத்துளி விழுந்தால் பிளந்துவிடும். யேனா நகரில் ஓட்டோ ஷாட் போரிக் அமிலம் சேர்த்து உருக்கிய கண்ணாடி, சூட்டில் மிகக் குறைவாகவே விரியும். தொலைநோக்கிக்கும் நுண்ணோக்கிக்கும் கண்ணாடி செய்ய 1884இல் தொடங்கிய அந்த ஆலை, 1890களில் ஆவர் விளக்குகளுக்கான கண்ணாடிக் குழல்களை விற்றுத்தான் பெரிதாக வளர்ந்தது. பழைய குழல்களின் ஓரத்தில் யேனாவின் முத்திரை இன்னும் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.

தோரியம் எங்கிருந்து வந்தது? முதலில் அமெரிக்காவின் கரோலினா பகுதி, பிறகு பிரேசில் கடற்கரை. அங்கே கிடைத்த மோனசைட் மணலிலிருந்து எடுத்தார்கள். பிரேசில் மணல் சிலர் கைக்குள் அடங்கிவிட, வேறு இடம் உண்டா என்று கம்பெனிகள் அலைந்துகொண்டிருந்த காலத்தில், 1909இல், ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். அதில் மஞ்சள் மணிகள் மின்னின. மோனசைட். கயிறு வந்த வழியே தேடிப் போனவர் சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. தேங்காய் மட்டையை ஊறப்போட்டு, அடித்து, நாராக்கித் திரித்தவர்கள் தங்கள் கயிற்றோடு எதை ஏற்றுமதி செய்கிறோம் என்று அறிந்திருக்க வழியில்லை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எங்கள் கரையில் மணல் பிரிக்கும் ஆலை ஓடத் தொடங்கியது.

எங்கள் கரையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை மழையில் தேய்ந்து, வள்ளியாறு போன்ற சிற்றாறுகள் வழியே கடலுக்கு வருகிறது. பாரம் குறைந்த வெள்ளை மணலை அலை இழுத்துப் போய்விடும். பாரமானது கரையில் தங்கும். மழைக்காலக் கடல் அடித்து ஓய்ந்ததும் கரையே கறுத்துக் கிடக்கும். ஊரில் கருமணல் என்போம். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், அவற்றுக்கு நடுவே தேன் நிறத்தில் கொஞ்சம் மோனசைட். குவித்துச் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் கடற்கரைச் சனங்கள். ஆலையில் காந்தம் பிரிக்கும்: இல்மனைட்டை அவ்வளவு வலுவில்லாத காந்தமே இழுக்கும், மோனசைட்டுக்கு இன்னும் வலுவான காந்தம் வேண்டும், கூடக் கலந்திருக்கும் சிர்க்கான் எந்தக் காந்தத்துக்கும் அசையாது. மணல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் தாய்மாமா தொலைபேசியில் சொன்னார்: "நெறைய கருப்பு, கொஞ்சம் மஞ்சள். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் மக்கா வெள்ளக்காரன் இம்புட்டுத் தூரம் வந்தான்."

1914இல் போர் மூண்டது. ஜெர்மானியர் பிடியிலிருந்த மணல் வேலை பறிபோய், ஆங்கிலேயக் கம்பெனிகளிடம் சேர்ந்தது. போருக்குப் பின் மின்விளக்கு பரவப் பரவ மோனசைட்டின் கிராக்கி இறங்கியது. வெள்ளைப் பெயிண்டுக்காக இல்மனைட் ஏறியது. 1945க்குப் பிறகு தோரியம் அணுசக்திக்கான பொருளாகப் பார்க்கப்பட்டது. 1950இல் அரசு, இந்திய அரிய மணல் நிறுவனத்தைத் தொடங்கியது. 1956 நவம்பர் 1இல் எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. மணவாளக்குறிச்சி ஆலை இன்றும் இருக்கிறது. கருமணலால் ஊருக்கு வந்த கூலி, கதிரியக்கம் பற்றிய அச்சம், கரை அரிப்பு, இன்னும் தீராத வழக்கும் போராட்டமும் தனியே எழுத வேண்டியவை. விளக்கின் அழகைப் பேசும்போது அவற்றையும் நினைவில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மற்ற பல நகரங்கள் வாயுவிளக்கைக் கைவிட்ட பிறகும் பெர்லின் கைவிடவில்லை. 1920களில் பாமாக் என்ற உள்ளூர்க் கம்பெனி வார்த்த தொப்பி விளக்குகள்தான் இந்த நகரத்தின் வாயுவிளக்குகளில் அதிகம். 1950களில் நீண்ட வளைந்த கம்பத்தில் ஒன்பது மேண்டில்கள் வரிசையாகத் தொங்கும் விளக்குகளும் வந்தன. சுவர் எழுந்து மேற்கு பெர்லின் தீவு போல நின்ற ஆண்டுகளிலும், ஊருக்குள்ளேயே தயாரித்த வாயு தெருவை எரியவைத்தது. 1990களில் இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள். 2010 வாக்கில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாயுவிளக்குகள் இங்கே எரிந்தன; உலகில் மிச்சம் இருந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரே நகரத்தில். டீர்கார்ட்டன் பூங்காவில் 1978இல் திறந்த திறந்தவெளி விளக்கு அருங்காட்சியகத்தில் பல ஊர்களின் விளக்குகள் சுமார் தொண்ணூறு நின்றன. 2014இல் உலக நினைவுச்சின்ன நிதியம் பெர்லின் வாயுவிளக்குகளை ஆபத்தில் இருக்கும் மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் வாயுவிளக்கு எல்இடியைவிடப் பல மடங்கு ஆற்றலைத் தின்கிறது. பராமரிப்புச் செலவும் அதிகம். நகரம் மாற்றிக்கொண்டே வருகிறது. மாற்றுவது நியாயம் என்றே நினைக்கிறேன். கழற்றிய விளக்கு உடைசலாகப் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய இரும்புக் கடையிலிருந்தும் ஞாயிற்றுச் சந்தையிலிருந்தும் விளக்கு என் பட்டறைக்கு வரும்போது, தொப்பிக்குள் நூலாம்படையும் செத்த பூச்சியும் கரியும் அப்பியிருக்கும். முதல் வேலை உலர்ந்த தூசியைத் தட்டாமல் இருப்பது. எரிமுனையில் பழைய மேண்டிலின் தூள் ஒட்டியிருந்தால் அதில் தோரியம் இருக்கலாம். தொட்டால் பெரிய ஆபத்தில்லை, மூச்சில் போகக் கூடாது. முகக்கவசம், கையுறை, தெளிப்பானில் தண்ணீர். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து உறையில் கட்டி வைக்க வேண்டும். வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது, தூளை அறை முழுக்க ஊதிவிடும். கண்ணாடியும் இரும்பும் சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் பழைய கயிறு சுற்றியிருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு, அதை அகற்ற உரிமம் உள்ளவரிடம் விடுவேன்.

கண்ணாடியை விரல் நகத்தால் சுண்டிப் பார்ப்பேன். கணீரென்றால் முழுசு, கட்டையாக ஒலித்தால் எங்கோ மயிரிழை விரிசல். வெதுவெதுப்பான தண்ணீரில் வினிகர் விட்டு இரவு முழுக்க ஊறவைத்தால் சுண்ணாம்புக் கறை தானாக இளகும். கம்பி நார் போட்டால் கீறல் விழுந்து, விளக்கு எரியும்போது ஒவ்வொரு கீறலும் தனித்தனியே தெரியும். விரிசல் விட்டதையும் நான் ஒதுக்குவதில்லை. எல்இடியில் அந்தச் சூடு கிடையாது. தெளிந்த பிசின் ஊற்றி நிறுத்தினால் வீட்டுக்குள் நெடுநாள் இருக்கும். எனாமல் பெயர்ந்த இடத்தில் துருவை மட்டும் நீக்கி எண்ணெய் தடவுகிறேன். புதுப் பூச்சு பூசிப் பளபளப்பாக்கக் கேட்பவர்கள் உண்டு. தெருவில் நின்றது தெரியாமல் போனால் அதைத் தெருவிளக்கு என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

ஒயரிங்குக்கு ஓட்டை போடுவதில்லை. வாயு வந்த குழாயே மின்கம்பிக்கும் வழி. உடம்பு முழுக்க உலோகம் என்பதால் எர்த் கம்பியைத் தொப்பியோடு இறுக்கிப் பிணைத்தே ஆக வேண்டும். பீங்கான் ஹோல்டர்களை எரிமுனைகளின் கீழே, மேண்டில் தொங்கிய அதே உயரத்தில் பொருத்துகிறேன். நான்கு மேண்டில் இருந்த விளக்குக்கு நான்கு சிறிய பால்வெள்ளை பல்புகள், 2,700 கெல்வின், மங்கலாக்கும் சுவிட்சோடு. கண்ணாடியின் சரிவும் தொப்பியின் உட்புற வெள்ளையும் அந்த உயரத்தில் ஒளி இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்தவை. ஒரே பெரிய பல்பை நடுவில் போட்டால் கண் கூசும், மேசை மேல் நிழல் கனத்து விழும். நான்காகப் பிரித்தால் நிழலின் ஓரம் இளகும். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் தெளியும். எரிமுனையை எறியலாம் என்று சொன்னவருக்கு இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிறேன். அநேகமாக அதற்குமேல் வாதம் இருப்பதில்லை. கூரைக் கொக்கி விளக்கின் எடையைத் தாங்குமா என்று பார்த்து, மரக் கூரை என்றால் உத்தரத்தில் திருகுவேன்.

விளக்கோடு ஒரு தாளும் தருகிறேன். எந்தத் தெருவில் நின்றது என்று தெரிந்தால் அது, கம்பெனி, கண்ணாடியின் முத்திரை, மேண்டில் எதனால் ஆனது, அந்த மணல் எங்கிருந்தெல்லாம் வந்தது. மணவாளக்குறிச்சி என்ற பெயரைத் தமிழிலும் எழுதுகிறேன், ஜெர்மன் எழுத்திலும் எழுதுகிறேன். பலர் வரைபடத்தில் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், இன்னும் அங்கே மணல் எடுக்கிறார்களா என்று.

பழைய இரும்புக் கடைக்காரர்கள் தொப்பியைத் தனியாகவும் எரிமுனையைத் தனியாகவும் பிரித்துவிடுகிறார்கள். எரிமுனையில் பித்தளை இருப்பதால் அது எடைக்குப் போய் உருக்காலையில் முடியும். பித்தளை விலைக்குமேல் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன், உருக்க அனுப்பாமல் எனக்கு எடுத்து வையுங்கள் என்று இரண்டு மூன்று கடைகளில் சொல்லியிருக்கிறேன். வைக்கிறார்கள். இப்போது என் பட்டறை அலமாரியில் தொப்பிகளைவிட எரிமுனைகள்தான் அதிகம். எரிமுனை இல்லாமல் தொப்பியும் கண்ணாடியும் மட்டும் வாங்கி வைத்திருப்பவர்கள் யாரேனும் இருந்தால், ஒரு செட் எடுத்துப் பொருத்திக் கொடுப்பேன். வாங்கிய விலையைத் தந்தால் போதும்.