இணையச் சேவைச் சோதனையும் ஸ்கிரிப்ட் மொழிகளும்

இணையம் வழியாக ஒரு மென்பொருள் கேட்க, இன்னொன்று பதில் தரும் ஏற்பாடு இணையச் சேவை. அதற்குத் திரையோ பொத்தானோ கிடையாது. ஆகவே கேள்வியை அனுப்பிப் பதிலைச் சரிபார்க்கும் வேலையையும் ஒரு நிரலே செய்தாக வேண்டும். பெர்ல், குரூவி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகள் இந்த வேலைக்குப் பேர்போனவை.

இதன் வேர் இணையச் சேவைகளுக்கும் முந்தையது. லாரி வால் 1987இல் பெர்ல் மொழியின் முதல் பதிப்பை வெளியிட்டபோதே அதன் சோதனைகளும் கூடவே வந்தன. ஒவ்வொரு சோதனையும் 'ஓகே 1', 'நாட் ஓகே 2' என்று ஒரு வரி அச்சிடும். அந்த வரிகளைப் படித்துக் கணக்குச் சொல்ல இன்னொரு நிரல். ஆள் உட்கார்ந்து பார்க்காமலே சோதனை ஓடுவதற்கு இவ்வளவு எளிய வழக்கமே போதும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

பின்னர் இணையச் சேவைகள் கேட்டுப் பதில் பெறும் முறையை வரையறுக்கும் சோப் 1.1 நெறிமுறை 2000 மே மாதம் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து, ஒரு சேவை என்னென்ன கேள்விகளை ஏற்கும் என்பதை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் வந்தது. இரண்டுமே அடைப்புக்குறிகளால் தரவைக் குறிக்கும் எக்ஸ்எம்எல் வடிவம். கையால் எழுதினால் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் கேள்வி செல்லாது. 2005இல் சுவீடனின் ஓலே லென்ஸ்மார் உருவாக்கிய சோப்யூஐ அந்தச் சிரமத்தைத் தீர்த்தது. டபிள்யூஎஸ்டிஎல் கோப்பைக் கொடுத்தால் மாதிரிக் கேள்விகளை அதுவே அமைத்துத் தரும். பதிலில் என்ன இருக்க வேண்டும் என்பதை மவுஸால் தேர்ந்து குறிக்கலாம்.

ஆனால் நிஜச் சோதனைகள் அதற்குள் அடங்கவில்லை. உள்நுழைந்ததும் கிடைக்கும் டோக்கனை அடுத்த கேள்வியில் வைக்க வேண்டும். நாளைய தேதியைக் கணக்கிட வேண்டும். பதிவான ஆர்டர் தரவுத்தளத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்காகவே சோப்யூஐக்குள் குரூவி இடம்பிடித்தது. ஜாவா இயந்திரத்தின் மேல் ஓடும் மொழி என்பதால், ஜாவாவுக்கு இருந்த தரவுத்தள நூலகங்கள் எல்லாம் அதற்கும் அப்படியே கிடைத்தன. படிவங்களால் ஆன கருவி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், உள்ளே ஒரு மொழி இல்லாமல் நெடுந்தூரம் போக முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

போஸ்ட்மேனும் அதே வழியில்தான் வந்தது. பெங்களூரைச் சேர்ந்த அபினவ் அஸ்தானா 2012இல் குரோம் உலாவியின் நீட்சியாக வெளியிட்ட அந்தக் கருவி, கேள்வி அனுப்பும் எளிய பெட்டியாகத் தொடங்கிப் பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் சோதனைகளை ஏற்றது. அதற்குள் சோப் பின்வாங்கி, ரெஸ்ட் முறையும் ஜேசான் வடிவமும் பரவியிருந்தன. கருவியே வேண்டாம் என்ற பைத்தான்காரர்கள், கென்னத் ரீட்ஸ் 2011இல் வெளியிட்ட ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தைப் பைடெஸ்ட் என்ற சோதனைச் சட்டகத்துடன் சேர்த்துக்கொண்டார்கள்.

மொழி எதுவானாலும், சோதனையின் தரம் அது எதைக் கேட்கிறது என்பதில் இருக்கிறது. வெற்றியைக் குறிக்கும் 200 என்ற எச்டிடிபி எண்ணை மட்டும் பார்ப்பது ஏமாற்றிவிடும்: கிராஃப்கியூஎல் என்ற கேள்வி மொழியில் இயங்கும் சேவைகள் பெரும்பாலும் பிழையையும் 200 உடனேயே அனுப்புகின்றன. பதிலின் உள்ளடக்கத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

அப்படி எழுதிய போஸ்ட்மேன் சோதனைகளைத் திரை இல்லாமல் ஓட்டுவது நியூமன் என்ற கட்டளைவரி நிரல். ஒரு சோதனை தவறினாலும் அது பூச்சியமல்லாத எண்ணோடு முடியும். ஜென்கின்ஸ் போன்ற தானியங்கி அமைப்பு அந்த எண்ணைக் கண்டதும் புதிய பதிப்பை வெளியிடாமல் நிறுத்திவிடும்.