லயத்துக் கூரையின் வரலாறு

தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றைக் கூறுவோர் கொழுந்திலிருந்து தொடங்குவது வழக்கம். கூரையிலிருந்து தொடங்கினும் அதே வரலாற்றைக் காணலாம். அட்டன் வட்டாரத்தில் தென்மேற்குப் பருவமழை நாட்கணக்கில் ஓயாது பெய்யும். ஏறத்தாழ 6,000 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ தை, மாசி இரவுகளில் உறைபனியும் படிவதுண்டு. இத்தகைய மலைநாட்டில் ஒழுகாத கூரை என்பது சிறிய செய்தி அன்று.

கோப்பிக் காலத்து லயங்கள் பெரும்பாலும் புல்லால் வேயப்பட்டவை. மலைச்சரிவில் தானே வளர்ந்த மானாப்புல்லை அறுத்து, உலர்த்தி, அடுக்கிக் கட்டினர். புல் விலையின்றிக் கிடைத்தது, குளிரையும் தடுத்தது. ஆயினும் மழையில் விரைவில் மக்கியது. தீக்கும் எளிதில் இரையாயிற்று. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் கோப்பியைப் பற்றிய இலைத்துரு நோய் பின்னர் அப்பயிரையே அழித்தது. கோப்பிக்குப் பருவத்தில் வந்துபோகும் ஆட்கள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் தங்கும் குடும்பங்கள் தேவை. ஆகவே லயமும் நிலைத்த கட்டடமாயிற்று.

புதிய கூரைக்குரிய பொருள் கடல் கடந்து வந்தது. அலையலையாக மடித்த இரும்புத் தகட்டுக்கு 1829 இல் இங்கிலாந்தில் ஹென்றி பாமர் காப்புரிமை பெற்றார். அதன்மேல் துத்தநாகம் பூசித் துருவைத் தடுக்கும் முறை அடுத்த பத்தாண்டில் உருவாயிற்று. இருப்புப்பாதை 1884 இல் அட்டனையும், 1885 இல் நானுஓயாவையும் எட்டியபின், பாரமான தகரத்தை மலைக்கு ஏற்றுவது எளிதாயிற்று.

தகரம் தீப்பற்றாது, ஆனால் பகலில் காயும், இரவில் குளிரும். அடுப்பு எரியும் காம்பராவின் ஈரக்காற்று அதன் அடிப்புறத்தில் நீராகத் துளிர்த்துச் சொட்டும். பூச்சுத் தேய்ந்ததும் ஆணித் துளையிலிருந்து துரு பரவும். தோட்ட நிருவாகம் பழுது பார்க்கும்வரை மழை காத்திருப்பதில்லை. எனவே குடியிருந்தோர் தாமே கூரையேறினர். சாக்குத் துண்டைத் தாரில் தோய்த்து ஓட்டையில் ஒட்டினர்; காற்றுக்குத் தகரம் பறவாதிருக்கக் கல்லைப் பாரம் வைத்தனர். தாரூட்டிய கூரைத்தாளின் தத்துவமும் இதுவே: நார் தாங்கும், தார் நீரை விலக்கும். ஆணியை அலையின் முகட்டில் அடித்தல் வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடும் நீர் துளை வழியே இறங்கும். கீழ்வரிசையை முதலில் பரப்பி, மேல்வரிசையை அதன்மேல் படியவிடல் வேண்டும்.

இவ்வளவு உழைத்துக் காத்த கூரை உழைத்தவருக்குச் சொந்தமானதன்று. வீடு தோட்டத்துக்குரியது, வேலை போனால் வீடும் போகும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. உரிமையாளர் மாறியபோதும் பல லயங்களில் அதே பழந்தகரம் நீடித்தது.

பிற்காலத்தில் ஏழு பேர்ச் நிலத்துடன் தனிவீடுகள் எழத் தொடங்கின. இந்திய உதவியில் 4,000 வீடுகள் கட்டப்பட்டுவந்த வேளையில், 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தாரும் சாக்கும் ஒரு மழைக்காலத்தைக் கடத்த உதவின. கூரையின் கீழுள்ள மண் சொந்தமானால்தான், அதன்மேல் வேயும் கூரை தலைமுறைக்கும் நிலைக்கும்.