ஒளியும் ஒலியும் வகுப்பறைக்கு வந்த கதை

இன்றைய மாணவத் தம்பி தங்கையர் செல்போனில் பாடம் பார்க்கிறார்கள். நடுவில் ஒரு கேள்வி வருகிறது. விடையைத் தட்டினால்தான் படம் மேலே ஓடுகிறது. இது ஒரே நாளில் வந்த வசதியல்ல. ஐம்பது ஆண்டுக் கதை. மலருக்காகச் சுருக்கிச் சொல்கிறேன்.

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் மூலம் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் சென்றன. 'சைட்' என்று அதற்குப் பெயர். பக்கத்து ஆந்திரமும் கர்நாடகமும் அதில் உண்டு. நம் வட ஆற்காட்டுக்கு அந்த யோகம் இல்லை.

1984 ஆகஸ்டு 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரி மாணவர்களுக்கென 'நாடு தழுவிய வகுப்பறை'யைத் தூர்தர்ஷனில் தொடங்கியது. நல்ல நிகழ்ச்சிகள்தான். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலம். டேனரித் தொழிலாளியின் மகன், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன், என்ன செய்வான்? "சார், இன்னொரு தரம் சொல்லுங்க" என்று டி.வி. பெட்டியிடம் கேட்க முடியுமா?

அந்தக் குறையை முதலில் தீர்த்தது வி.சி.ஆரில் இருந்த ஒரு சின்னப் பொத்தான் என்றால் மிகையாகாது. எங்கள் வேதியியல் ஆசிரியர் தோல் பதனிடும் படத்தைப் பாதியில் நிறுத்துவார். "குரோமியம் தோலுக்குள்ள இழைகளைப் பிணைச்சிடுச்சு. அதை எப்படிப்பா கண்டுபிடிப்பே?" என்றார் ஒருநாள். வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். "எங்கப்பா ஒரு துண்டு வெட்டி, கொதிக்கிற தண்ணியில போட்டுப் பாப்பாரு சார். சுருங்கலைன்னா பதம் சரி." ஆசிரியர் அவனையே கரும்பலகைக்கு அழைத்து விளக்கச் சொன்னார். ஓடிக்கொண்டே இருக்கும் ஒளிபரப்பில் அது நடந்திருக்காது.

பிறகு வேகமாக வந்தன மாற்றங்கள். 2000-இல் ஞான தர்ஷன் அலைவரிசை. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, கல்விக்கென்றே இந்தியா செய்த முதல் செயற்கைக்கோளான எஜுசாட். தொலைவிலிருந்த மாணவன் ஆசிரியரிடம் திருப்பிக் கேட்க அதில் வழி இருந்தது. ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டெல். பாடங்கள் வீடு தேடி வந்தன. 2019-இல் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. கொரோனாக் காலத்தில் அது பெரிதும் கைகொடுத்தது. ஆனால் அதுவும் ஒருவழிப் பாதைதான். பிள்ளைகளின் சந்தேகம் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்டது.

எட்பசில் போன்ற இன்றைய கருவிகள், அன்று எங்கள் ஆசிரியர் பொத்தானை அமுக்கிச் செய்ததையே செய்கின்றன. கூச்சப்படும் பிள்ளையும் விடை தட்டுகிறது. யார் எங்கே தடுமாறினார் என்று ஆசிரியருக்குத் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு அவர் மறுநாள் அந்தப் பிள்ளையிடம் பேசினால்தான் பலன். பேசாவிட்டால் அதுவும் பழைய டி.வி. பெட்டியே.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பெரிய திரை வாங்க நிதி திரட்டுவது இருக்கட்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் நம்மவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். உரிய அனுமதியோடு, நாம் செய்யும் வேலையை ஐந்து நிமிடம் படமெடுத்து, தமிழில் மூன்று கேள்வி சேர்த்துத் துறைக்குக் கொடுப்போம். கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு விடை தெரிந்த கேள்வியாக அதில் ஒன்றாவது இருக்கட்டும்.