முடி கொடுத்தால் உயிர் பிழைக்குமா?

ஜொகூர் மாநிலம் குளுவாங் மாவட்டத்தில், ரயில் நிலையத்தோடு அமைந்த சிறு ஊர் பாலோ. இங்குள்ள தமிழருக்கு மொட்டை புதிதல்ல. பிள்ளைக்கு நோய் கண்டால் முருகனுக்கு நேர்ந்துகொள்வதும், தைப்பூசத்தில் முடியிறக்கிச் சந்தனம் பூசுவதும் மலேசியத் தமிழர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் வழக்கம்.

அந்த மொட்டைக்கு இன்று இன்னொரு பொருளும் உண்டு. புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்காகப் பணம் திரட்டும் மொட்டை அது!

2000ஆம் ஆண்டு மார்ச் 17. நியூயார்க்கில் புனித பேட்ரிக் திருநாள். மறுகாப்பீட்டுத் துறை அதிகாரிகள் மூவர் ஒரு போட்டியில் இறங்கினார்கள். 17 பேர் மொட்டையடித்து 17,000 டாலர் சேர்ப்பது இலக்கு. மொட்டையடித்தவர்களோ 19 பேர். சேர்ந்த தொகை 1,04,000 டாலருக்கும் மேல்! பேட்ரிக் பெயரோடு வழுக்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து 'செயின்ட் பால்ட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பின்னர் அறக்கட்டளையாக வளர்ந்த அது, 2005 முதல் 30 கோடி டாலருக்கு மேல் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வழங்கியிருக்கிறது.

வெட்டிய முடியை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. "நீ மொட்டையடித்தால் நான் இவ்வளவு தருகிறேன்" என்று உற்றாரும் நண்பரும் தரும் பணமே நிதியாகிறது.

ஜொகூர் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அங்குள்ள குழந்தைகள் புற்றுநோய் அறநிறுவனம் 2003இல் 'ஹேர் ஃபார் ஹோப்' என்ற பெயரில் இதைத் தொடங்கியது. பெண்களும் துணிந்து தலையை நீட்டினார்கள். 2013இல் பள்ளி மாணவிகள் சிலர் மொட்டையடித்தபோது, பள்ளிக்கு விக் அணிந்து வரவேண்டுமா என்பது நாடே பேசிய விவாதமானது.

பெண்ணின் மொட்டை நம்மவருக்குக் கசப்பான நினைவு. ஒரு காலத்தில் சில சமூகங்களில் கைம்பெண்களின் தலையை வலிந்து மழித்தார்கள். அன்று அது தண்டனை. இன்று ஒரு பெண் தானே விரும்பி மழித்தால், அது கொடை.

ஆனால், மொட்டைக்கு முன்பே தொடங்கியது இந்த வரலாறு. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை பிழைக்காது என்றிருந்த காலத்தில், பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ஒரு மருந்தைச் சோதித்தார். 1948இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்திருந்தது. அந்த மருந்தை உருவாக்கித் தந்தது லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்! அதே ஆண்டு 'ஜிம்மி' என்ற புனைபெயரில் ஒரு சிறுவன் வானொலியில் பேச, மக்கள் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் அனுப்பினார்கள்.

சென்னையிலோ, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு பிறந்தது. 1960இல் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவும் அங்கே வந்தது.

புற்றுநோய் மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. முடியின் வேர்ச் செல்களும் அப்படிப்பட்டவையே. அதனால் முடி கொட்டுகிறது, சிகிச்சை முடிந்தால் பெரும்பாலும் மீண்டும் முளைக்கிறது. தலைக்கு வந்தது முடியோடு போயிற்று என்று பெரியவர்கள் தேறிக்கொள்ளலாம். வகுப்பில் எல்லோரும் உற்றுப் பார்க்கும் ஏழு வயதுப் பிள்ளை எப்படித் தேறும்? பக்கத்தில் இன்னொரு மொட்டை வந்து உட்கார்ந்தால் தேறும்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை. நோய் ஒன்றுதான். பிறந்த இடம்தான் வேறு.

முடி கொடுத்தால் மட்டும் உயிர் பிழைக்காது. அதன் பின்னால் வரும் பணமும், பணத்தின் பின்னால் வரும் மருந்தும், மருந்தைச் சேரவேண்டிய பிள்ளையிடம் சேர்க்கும் அக்கறையும் வேண்டும். தன் பிள்ளைக்காக நேர்ந்துகொள்ளத் தெரிந்த சமூகம், ஊரார் பிள்ளைக்காகவும் நேர்ந்துகொள்ளலாமே!