கழிவுநீர்க் குழாயும் ஒரு குடியிருப்பும்

மில்பிடாஸ் என்றால் சின்னஞ்சிறு சோளத் தோட்டங்கள் என்று பொருள். மெக்சிக்கோப் பழங்குடி மொழியொன்றிலிருந்து ஸ்பானிய மொழிக்குள் புகுந்த சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இன்று அங்கே சோளமில்லை. 2008 இல் நகரசபை வகுத்த திட்டத்தின்படி, 2020 இல் திறக்கப்பட்ட பார்ட் ரயில் நிலையத்தைச் சுற்றித் தொடர்மாடிகள் எழும்பி நிற்கின்றன. எண்பதாயிரத்துச் சொச்சம் குடிகளில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் மேல் ஆசிய வம்சாவளியினர். கணினித் தொழிலை நம்பி வந்த எம்மவரும் அவர்களுள் அடக்கம்.

இந்த நகரம் யாருக்காகக் கட்டப்பட்டது என்ற கேள்வி ஒருகாலத்தில் இங்கே பெரும் வழக்காக இருந்தது.

ஃபோர்ட் நிறுவனம் ரிச்மண்ட் நகரிலிருந்த தன் கார்த் தொழிற்சாலையை ஐம்பது மைல் தெற்கே மில்பிடாஸுக்கு மாற்றத் தீர்மானித்தது. சான் ஹொசே நகரம் விழுங்கிவிடுமுன் 1954 ஜனவரியில் மில்பிடாஸ் தனி நகரானது. 1955 இல் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. ரிச்மண்டிலிருந்து வரவேண்டிய தொழிலாளரில் சுமார் 250 பேர் கறுப்பினத்தவர். வேலை இருந்தது, வீடு இல்லை. புதிய நகரசபை அடுக்குமாடிகளுக்கு இடங்கொடுக்கவில்லை. கறுப்பினத்தவருக்கு விற்கும் வீட்டுத் திட்டங்களுக்குக் கூட்டாட்சி அரசின் கடன் காப்புறுதியும் கிடைக்கவில்லை.

மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் 560 ஆம் கிளை இதைக் கையிலெடுத்தது. பென் குரோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி முன்னின்றார். குவேக்கர் சமயத்தவரின் சேவை அமைப்பு தோள்கொடுத்தது. பார்த்த காணிகள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. கடைசியில் ஒரு காணி அமைந்தபோது, கழிவுநீர்க் குழாயில் இணைவதற்கான கட்டணம் பத்து மடங்கிற்கும் மேலாக உயர்த்தப்பட்டது. பக்கத்திலேயே வெள்ளையருக்கென ஒரு குடியிருப்பு எழுந்துகொண்டிருந்தது. சங்கம் பின்வாங்கவில்லை. ஈற்றில் இரண்டு குடியிருப்புகளும் ஒன்றாக இணைந்தன. அதுவே சன்னிஹில்ஸ். ஆனால் இழுபறியில் செலவு ஏறிவிட்டது. விலை கட்டாத பலர் ஆண்டுக்கணக்காக ரிச்மண்டிலிருந்தே கூட்டாகக் காரில் வந்துபோனார்கள்.

அந்தக் கட்டண விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருந்திருக்கத் தேவையில்லை. இந்த வித்தை எமக்குப் புதிதல்ல. 1948 இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தில் மலையகத் தமிழர் என்ற சொல் இல்லை. தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததை நிரூபி என்று மட்டுமே அது கேட்டது. சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவரானார்கள்.

கலிபோர்னியாவிலும் அப்படித்தான். குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் காணி வாங்கலாகாது என்றது 1913 இன் சட்டம். எந்த நாட்டினரின் பெயரும் அதில் இல்லை, அடிபட்டவர்கள் ஆசியர். 1923 இல் உச்ச நீதிமன்றம் இந்தியரையும் அந்தத் தகுதியற்றோர் பட்டியலில் சேர்த்தது. 1946 வரை அந்த நிலை நீடித்தது. மாநில உச்ச நீதிமன்றம் காணிச் சட்டத்தை முறித்தது 1952 இல். மில்பிடாஸ் நகரானதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டை நாடு முழுவதும் தடைசெய்த சட்டம் 1968 இல்தான் வந்தது. எமது பெயரில் இன்று ஒரு வீட்டு உறுதி எழுதப்படுகிறதென்றால், அதன் பின்னால் இத்தனை வழக்குகளும் போராட்டங்களும் கிடக்கின்றன.

பென் குரோஸ் 1966 இல் மில்பிடாஸின் நகரபிதாவானார். கலிபோர்னியாவின் முதற் கறுப்பின நகரபிதாக்களில் அவரும் ஒருவர். தொழிற்சாலை 1983 இல் மூடப்பட்டது. அதன் கட்டடமே 1994 இல் பெரும் அங்காடியாக மாறியது. சன்னிஹில்ஸ் இன்றும் மக்கள் வாழும் இடம்.

இந்தப் பெருநிலமெங்கும் வீட்டு விலை உழைப்பவனின் கைக்கு எட்டாமற் போய்விட்டது. புதிய தொடர்மாடித் திட்டமொன்று வரும்போதெல்லாம் வாகன நெரிசல், பாடசாலையில் இடமின்மை, கழிவுநீர் என்று எதிர்ப்பு எழுகிறது. இவை உண்மையான சிரமங்களாகவும் இருக்கலாம். இப்போது வீட்டுச் சொந்தக்காரராகிவிட்ட எம்மிடமும் அந்த மனுக்கள் கையெழுத்துக்கு வரும். ஒப்பமிடுமுன் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இந்தக் காரணத்தால் வாசலுக்கு வெளியே நிற்கப்போவது யார்?