இங்கிலாந்தில் வயது வந்தோர் சமூகப் பராமரிப்பு மேலாண்மை

வயது வந்தோர் சமூகப் பராமரிப்பு என்பது முதுமை, உடற்குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநலக் குறைவு, மறதிநோய் போன்ற காரணங்களால் அன்றாட வாழ்வில் பிறர் துணையை வேண்டி நிற்கும் 18 வயது நிறைந்தவர்களுக்கு வழங்கப்படும் உதவிப் பணிகளைக் குறிக்கும். பராமரிப்பு இல்லங்கள், வீட்டிற்கே வந்து செய்யப்படும் பராமரிப்பு, துணையுடன் தனித்து வாழும் ஏற்பாடுகள் ஆகியன இதில் அடங்கும். இப்பணிகளைத் திறம்பட நடத்துவதற்கான தலைமைத்துவமும் மேலாண்மையும் இங்கிலாந்தில் சட்டத்தால் வரையறுக்கப்பட்டு, பொது அமைப்பு ஒன்றினால் ஆய்வு செய்யப்பட்டு, வெளிப்படையாகத் தரமிடப்படுகின்றன. ஐக்கிய இராச்சியத்தின் பிற பகுதிகளான இசுக்கொட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சட்டங்களும் கண்காணிப்பு அமைப்புகளும் உள்ளமையால், இக்கட்டுரை இங்கிலாந்தை மட்டுமே கருத்திற் கொள்கிறது.

பின்னணி

1970 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சமூகப் பணிகள் சட்டத்தின் கீழ், சமூகப் பராமரிப்பு உள்ளூராட்சி மன்றங்களின் ஒருங்கிணைந்த துறையாக ஆக்கப்பட்டது. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னர் மன்றங்கள் பராமரிப்பைத் தாமே நடத்துவதை விட, தனியாரிடமிருந்தும் தொண்டு நிறுவனங்களிடமிருந்தும் விலைக்கு வாங்கும் முறை பரவியது. இன்று பெரும்பாலான இல்லங்கள் தனியாருடையவை. ஆகவே பணம் செலுத்துபவர் ஒருவர், நடத்துபவர் வேறொருவர், ஆய்வு செய்பவர் மற்றொருவர் என்ற நிலை ஏற்பட்டது. தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற வினா இத்துறையில் மீண்டும் மீண்டும் எழுவதற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

2008 ஆம் ஆண்டின் நலவாழ்வு மற்றும் சமூகப் பராமரிப்புச் சட்டத்தின்படி 2009 இல் பராமரிப்புத் தர ஆணையம் அமைக்கப்பட்டது. மருத்துவமனைகளையும் பராமரிப்பு இல்லங்களையும் தனித்தனியே ஆய்வு செய்து வந்த அமைப்புகள் இதனுள் இணைக்கப்பட்டன.

பதிவுபெற்ற மேலாளர்

இங்கிலாந்து முறையின் மையமாக விளங்குவது பதிவுபெற்ற மேலாளர் என்ற பதவியாகும். நிறுவனத்தின் பெயரில் நடத்தப்படும் ஒவ்வொரு பராமரிப்பு இல்லத்திற்கும் பொதுவாகப் பெயர் குறிக்கப்பட்ட மேலாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவரை நிறுவனம் தானே நியமித்தால் மட்டும் போதாது. ஆணையம் அவருடைய நன்னடத்தை, தகுதி, அனுபவம் ஆகியவற்றை ஆராய்ந்து பதிவு செய்ய வேண்டும். பதிவு பெற்ற பின் உரிமையாளரோடு சேர்ந்து அவரும் சட்டப்படி பொறுப்பாகிறார். அவர் தொடர்ந்து 28 நாட்களோ அதற்கு மேலோ பணியில் இல்லாதிருப்பின் அதனை ஆணையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். இல்லத்தில் வாழ்பவரின் இறப்பு, கடுமையான காயம், கொடுமை நடந்ததாகக் கூறப்படும் முறையீடு ஆகியனவும் அவ்வாறே அறிவிக்கப்பட வேண்டியவை.

மேலாளர் என்றவுடன் கணக்கும் கோப்பும் பார்ப்பவர் என்று எண்ணத் தோன்றும். நடைமுறையில் இவர் பணிமுறை அட்டவணை தயாரிக்கிறார், ஊழியரைத் தேர்ந்தெடுக்கிறார், மருந்துப் பதிவேடுகளைச் சரிபார்க்கிறார், குடும்பத்தினரின் குறைகளைக் கேட்கிறார், ஆள் குறைந்த நாளில் தாமே உணவூட்டவும் செய்கிறார். ஒவ்வொரு ஊழியருடனும் குறித்த இடைவெளியில் தனியே அமர்ந்து பேசுவதும் இவருடைய கடமைகளில் ஒன்றாகும். மேற்பார்வைச் சந்திப்பு எனப்படும் இது பலவிடங்களில் படிவம் நிரப்பும் சடங்காகக் குறுகிவிடுவதுண்டு. உண்மையில், ஊழியர் ஒருவர் தாம் கண்ட தவறைச் சொல்வதற்கு இருக்கும் மிக எளிய வாய்ப்பு அதுவே.

பதிவேடுகளைப் படிக்கும் முறையும் முக்கியமானது. ஓர் இல்லத்தில் ஒரு மாதத்தில் ஆறு பேர் தவறி விழுந்தனர் எனக் கொள்வோம். ஒவ்வொன்றையும் தனி விபத்தாக எழுதி மூடிவிடலாம். ஆறையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, அவற்றுள் நான்கு இரவு முறை ஊழியர் பொறுப்பை ஒப்படைக்கும் நேரத்தில் நிகழ்ந்தவை எனத் தெரியவரலாம். அப்போது செய்ய வேண்டியது அட்டவணையை மாற்றுவதே அன்றி ஊழியரைக் கடிந்து கொள்வதன்று. 2014 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் 17 ஆவது விதி 'நல்லாளுகை' என்று வேண்டுவது பெரும்பாலும் இத்தகைய வேலையையே.

வின்டர்போர்ன் வியூ

மேலாளரின் நாற்காலி வெறுமையாக இருந்தால் என்ன நேரும் என்பதற்கு வின்டர்போர்ன் வியூ நிகழ்வு பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. பிரிசுடல் நகருக்கு அருகே காசில்பெக் என்ற நிறுவனம் நடத்திய இது, கற்றல் குறைபாடு உடையோருக்கான 24 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையாகும். சட்டத்தின் பார்வையில் இது மருத்துவமனையே எனினும், இதன் விளைவுகள் சமூகப் பராமரிப்புத் துறை முழுவதையும் மாற்றின.

இங்கு பணியாற்றிய மூத்த செவிலியர் ஒருவர், நோயாளிகள் நடத்தப்படும் விதம் குறித்து 2010 இல் நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் அறிவித்தார். பயன் இல்லாமையால் ஆணையத்தையும் அணுகினார். அங்கும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. பின்னர் பி.பி.சி. தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சிச் செய்தியாளர் ஒருவர் ஊழியராகச் சேர்ந்து மறைவாகப் படம் பிடித்தார். 2011 மே 31 அன்று ஒளிபரப்பான அக்காட்சிகளில் நோயாளிகள் அடிக்கப்படுவதையும், இழுக்கப்படுவதையும், இழிவாகப் பேசப்படுவதையும் நாடு முழுவதும் கண்டது. அடுத்த மாதமே மருத்துவமனை மூடப்பட்டது. ஊழியர் 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2012 அக்டோபரில் அவர்களுள் அறுவர் சிறையிலிடப்பட்டனர்.

அரசின் ஆய்வறிக்கை 2012 திசம்பரில் வெளிவந்தது. மருத்துவமனை இயங்கிய காலத்தின் பெரும்பகுதியில் பதிவுபெற்ற மேலாளர் எவரும் இருக்கவில்லை என்பது அதில் பதிவாகியுள்ளது. நோயாளிகளை உடல் வலிமையால் கட்டுப்படுத்திய நிகழ்வுகள் 15 மாதங்களில் 500 க்கும் மேற்பட்டவை ஊழியராலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தன. வருகையாளர் நோயாளிகளின் அறைகளுக்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. ஒரு நோயாளிக்கு வாரத்திற்குச் சராசரியாக 3,500 பவுண்டு பொதுப்பணத்திலிருந்து செலுத்தப்பட்டது. அதாவது பணமும் குறைவில்லை, பதிவேடும் குறைவில்லை. படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டியவர் இல்லை.

சிறையிலிடப்பட்டவர்கள் யாவரும் நோயாளிகளை நேரடியாகக் கவனித்து வந்த ஊழியர்களே. நிறுவனத்தின் மேல்மட்டத்தினர் எவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை என்ற குறை எழுந்ததன் விளைவாக, இயக்குநர்கள் 'தகுதியும் பொருத்தமும் உடையவர்களாக' இருக்க வேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. தவறு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவரிடமும் குடும்பத்தினரிடமும் ஒளிவின்றித் தெரிவித்து மன்னிப்புக் கோரும் கடமையும் சட்டமாயிற்று. இவை இரண்டும் 2015 ஏப்ரல் முதல் பராமரிப்பு இல்லங்களுக்கும் பொருந்துகின்றன.

உரிமையாளர் நிலைத் தலைமை

நல்ல மேலாளர் ஒருவர் இருந்தும் நிறுவனமே சரிந்துவிடலாம். சதர்ன் கிராசு நிறுவனம் ஏறத்தாழ 750 இல்லங்களையும் 31,000 முதியோரையும் கொண்டு நாட்டின் மிகப் பெரிய பராமரிப்பு நிறுவனமாக விளங்கியது. கட்டடங்களை விற்று, அவற்றையே ஆண்டுதோறும் உயரும் வாடகைக்கு எடுத்து இல்லங்களை நடத்தும் முறையை அது பின்பற்றியது. உள்ளூராட்சி மன்றங்கள் செலவைக் குறைத்தபோது வாடகை செலுத்த இயலாமல் 2011 இல் வீழ்ந்தது. இல்லங்கள் பிறரிடம் ஒப்படைக்கப்பட்டன. தம் படுக்கை நிலைக்குமா என்று அறியாமல் முதியோர் பல வாரங்களைக் கழிக்க நேர்ந்தது.

அந்நிறுவனத்தின் இல்லங்களுள் ஒன்றான மேற்கு சசெக்சின் ஆர்க்கிட் வியூவில் நிகழ்ந்த 19 இறப்புகளை 2013 இல் மரண விசாரணை அதிகாரி ஆராய்ந்தார். அவற்றுள் ஐந்தில் புறக்கணிப்பும் ஒரு காரணம் என அவர் முடிவு செய்தார். பெரிய நிறுவனங்களின் நிதிநிலையை ஆணையமே கண்காணித்து, வீழும் முன்பே உள்ளூராட்சி மன்றங்களை எச்சரிக்கும் ஏற்பாடு 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தினால் உருவானது.

தரமிடல்

2014 அக்டோபர் முதல் பராமரிப்புப் பணிகள் ஐந்து கேள்விகளைக் கொண்டு மதிப்பிடப்படுகின்றன: பாதுகாப்பானதா, பயனளிப்பதா, பரிவுடையதா, தேவைக்கேற்ப இயங்குவதா, நன்கு தலைமை தாங்கப்படுகிறதா. விடை 'மிகச் சிறப்பு', 'நன்று', 'மேம்பாடு தேவை', 'போதாது' என்ற நான்கில் ஒன்றாக அமையும். பெற்ற தரத்தை இல்லத்தில் பார்வைக்கு வைப்பது கட்டாயம். முதல் தலைமை ஆய்வாளரான ஆண்ட்ரியா சட்கிளிஃப் 'அம்மா சோதனை' என்ற எளிய அளவுகோலைப் பரப்பினார்: இவ்விடம் என் தாயைச் சேர்க்கத் தகுந்ததா என ஆய்வாளர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. டர்ஹம் பகுதியின் வொர்ல்டன் ஹால் என்ற தனியார் மருத்துவமனையில் நடந்த கொடுமைகளை 2019 மே மாதம் பனோரமா நிகழ்ச்சியே மீண்டும் வெளிக்கொணர்ந்தது. அப்போது அம்மருத்துவமனை ஆணையத்தின் 'நன்று' என்ற தரத்தைப் பெற்றிருந்தது. குறைகளைக் கண்ட 2015 ஆம் ஆண்டு ஆய்வறிக்கை ஒன்று வெளியிடப்படாமலே விடப்பட்டதும் பின்னர் தெரியவந்தது. ஆய்வாளர் வரும் ஓரிரு நாட்களில் கதவுக்குப் பின்னுள்ள வழக்கங்கள் தெரிவதில்லை. மருத்துவர் பென்னி டாசு 2024 இல் அளித்த அறிக்கை ஆணையத்தின் செயற்பாட்டிலேயே கடும் குறைகளைச் சுட்டியது. ஐந்தில் ஒரு பங்கு இடங்கள் ஒருபோதும் தரமிடப்படவில்லை என்பது அவற்றுள் ஒன்று.

ஊழியரும் குரலும்

2021-22 இல் இத்துறையில் எந்நாளிலும் சுமார் 1,65,000 பணியிடங்கள் வெற்றிடமாக இருந்தன. இதனை ஈடுசெய்ய, 2022 பெப்ரவரியில் பராமரிப்பு ஊழியருக்கான நுழைவிசைவு வெளிநாட்டினருக்குத் திறக்கப்பட்டது. இந்தியா, நைசீரியா, சிம்பாப்வே முதலிய நாடுகளிலிருந்து பெருந்தொகையினர் சென்றனர். 2023-24 இல் வெற்றிடங்கள் சுமார் 1,31,000 ஆகக் குறைந்தன.

ஆனால் இந்நுழைவிசைவு குறிப்பிட்ட ஒரு முதலாளியோடு பிணைக்கப்பட்டது. வேலை போனால், குறுகிய காலத்திற்குள் வேறு முதலாளியைத் தேடிக்கொள்ள வேண்டும். இயலாதவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். இந்நிலையில் உள்ளவர், முதியவர் ஒருவர் தள்ளப்படுவதைக் கண்டால் மேலாளரிடம் துணிந்து சொல்வாரா என்பது இத்துறையின் தீராத சிக்கலாயிற்று. தவறுகளை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும். எனினும் நீதிமன்றம் செல்லும் வரை நுழைவிசைவு காத்திருப்பதில்லை. ஆகையால், முறையிட்டவருக்கு வேலைமுறைகள் குறைக்கப்படாமல் இருப்பதும், முறையீட்டின் மீது என்ன செய்யப்பட்டது என்று அவருக்குத் திருப்பிச் சொல்லப்படுவதும் மேலாளரின் கையிலேயே உள்ளன. வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பு ஊழியரை அழைக்கும் வழி 2025 சூலை 22 அன்று மூடப்பட்டது; ஏற்கெனவே நாட்டில் உள்ளோருக்கு மட்டும் இடைக்கால ஏற்பாடு செய்யப்பட்டது.